ஒட்டாமல் வந்த கேக்

அந்தப் பகுதியில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய பெயரை முதன்முதலில் கிரீமில் எழுதியவர் கேக் மாஸ்டர்தான். பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. முன்கடையில் யாரோ குறித்து அனுப்பும் பெயரைத்தான் பார்ப்பார். பெயர் நீளமாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்வார், குட்டையாக இருந்தால் பக்கத்தில் ஒரு பூவைப் போட்டு இடத்தை நிரப்புவார். அப்புறம் பெட்டியை மூடி ஜன்னல் வழியே முன்பக்கம் தள்ளிவிட்டால் அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள உறவு முடிந்தது.

பேக்கரியின் பின்கட்டில் இரண்டு மாஸ்டர்கள். ரொட்டி மாஸ்டர் பெருத்த உடம்பு, பெருத்த குரல், மாவோடு மல்லுக்கட்டுகிறவர். கேக் மாஸ்டர் ஒல்லி. பேச்சும் ஒல்லி. பாத்திரம் கழுவ வந்தவர், கழுவிய டின்களைத் துடைத்துத் துடைத்து, துடைத்த டின்களுக்கு எண்ணெய் தடவி, அப்படியே மேலே வந்தவர். கேக் வேலையில் அவர் முதலில் பழகியது அந்த எண்ணெய் தடவுகிற வேலைதான். இடது கையில் டின், வலது கையில் பிரஷ். உள்பக்கம் சுற்றி ஒரு தடவல். பிறகு மூடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவை எடுத்து மைதாவை ஒரு வீச்சு தூவி, டின்னைச் சாய்த்து, மேசை விளிம்பில் ரெண்டு தட்டு. தூவிய மாவு மெல்லிய துணி போட்டதுபோல் உள்சுவர் முழுக்கப் படியும். அப்படிச் செய்தால் வெந்த கேக் எதிலும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த வேலையை அவர் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பாரோ, கணக்கே கிடையாது. இப்போது அதைச் செய்வது அவர் இல்லை, அவருடைய கை.

"யோவ், உன் கைக்குத் தனியா சம்பளம் கேளுய்யா. நீ தூங்கினாலும் அது வேலை பாக்குது" என்பார் ரொட்டி மாஸ்டர். அது கேலிக்குச் சொன்னது மட்டுமல்ல. தூக்கத்தில் கேக் மாஸ்டரின் விரல்கள் போர்வையைப் பிதுக்கிப் பிதுக்கி ரோஜாப்பூ போடுவதை அவர் மனைவி பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் பயந்துபோய் எழுப்பியிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து, இனி இல்லை என்று இருவரும் பேசாமலே ஒத்துக்கொண்ட பிறகு, பெண் பிறந்தாள். சின்னதாய், கறுப்பாய், பிறந்த அன்றே ஊரைக் கூட்டுகிற குரலோடு பிறந்ததால் மிளகு என்று கூப்பிட்டார்கள். வைத்த பெயர் வேறு. அதை யாரும் கூப்பிடுவதில்லை.

மிளகின் கன்னத்தில் அடிக்கடி சிவந்து தடித்து வந்தது. வெயில் என்றார்கள், சோப்பு என்றார்கள். பல் முளைக்கிற வயதில் மாஸ்டரின் அக்கா வந்திருந்தபோது, "புள்ள எல்லார் வாயையும் பாக்குது, பாவம்" என்று தன் டீயில் நனைத்த பிஸ்கட்டில் ஒரு துண்டைக் கிள்ளி ஊட்டினாள். அவள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் குழந்தையின் உதடு வீங்கிவிட்டது. அழுதாள், அப்புறம் அழமுடியவில்லை. அழக்கூட மூச்சு இல்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடியபோது தன் சட்டையில் முழுக்க மைதா இருந்தது என்பது மாஸ்டருக்கு ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது. அவர் தோளில்தான் அந்த முகம் புதைந்திருந்தது.

குழந்தை டாக்டர் பிறகு சோதித்துச் சொன்னார். கோதுமை ஆகாது, முட்டை ஆகாது, பால் ஆகாது. வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அதுவரை ஒரு துணுக்குகூட வாய்க்குள் போகக்கூடாது. வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மறுபடி மூச்சடைத்தால் உடனே போட ஒரு ஊசி கொடுத்து, தொடையில் எப்படிக் குத்துவது என்று பொம்மையை வைத்துக் காட்டினார். மாஸ்டரின் மனைவி ஒரே தடவையில் பழகிக்கொண்டாள். மாஸ்டருக்கு மூன்றாவது தடவைதான் வந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கேக் போடறேன்" என்றார் மாஸ்டர்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருவதே ஒரு வேலையாயிற்று. வாசற்கதவுக்கு வெளியே செருப்பு. கதவுக்கு உள்ளே ஒரு வாளி, அதில் வேலைச் சட்டை. அங்கிருந்து நேரே குளியலறை. நகக்கண், காதுமடல், புருவம். மீசையை எடுத்துவிட்டார். மிளகு அவர் குரலைக் கேட்டதும் தவழ்ந்து வந்து குளியலறைக் கதவைத் தட்டுவாள். உள்ளே அவர் தேய்த்துக்கொண்டே இருப்பார். மற்ற அப்பாக்கள் மேல் என்ன வாசனை அடிக்குமோ, மிளகுக்கு அப்பா என்றால் சோப்பு வாசனைதான்.

வேலையை விடலாம் என்று பேச்சு வந்தது. விட்டு என்ன செய்வது? அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பிள்ளைக்காக அதையும் விட்டாயிற்று. பேச்சு அங்கேயே நின்றது.

முதல் பிறந்தநாள் நெருங்கியபோது மாஸ்டர் மெல்ல ஆரம்பித்தார்.

"ஊருக்கெல்லாம் போடறேன். என் புள்ளைக்கு ஒண்ணு போட வேணாமா?"

"அவளுக்கு கேக்குன்னா என்னன்னே தெரியாது. ஒரு வாழைப்பழத்துல மெழுகுவத்திய நட்டாக்கூட கைதட்டுவா."

"அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், "அவ ஏற்கனவே சாப்பிட்டு ஒத்துக்கிட்டதுதான் போடணும். புதுசா ஒண்ணும் கூடாது" என்றாள். அதுவே அவருக்கு உத்தரவு கிடைத்த மாதிரி இருந்தது.

அரிசி மாவு ஒத்துக்கொண்டது. கனிந்த வாழைப்பழம், ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம், ஆப்பிள், கடலை எண்ணெய் இல்லாத வேறு எண்ணெய். உப்பவைக்கச் சோடா மாவும் எலுமிச்சைச் சாறும். சர்க்கரை வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். மேலே பூச வேகவைத்து மசித்த பீட்ரூட். கிரீம் இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டையின் நுரை இல்லை. தன்னுடைய ஆயுதங்களையெல்லாம் வாசலில் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர் மாதிரி மாஸ்டர் அந்தச் சாமான்களைப் பார்த்தார்.

வீட்டில் ஓவன் கிடையாது. அடுப்பில் வாணலியை மூடி ஒரு தடவை செய்து பார்த்தார். வெந்தது, ஆனால் டின்னோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கரண்டியால் நெம்பியதில் பாதி டின்னில் இருந்தது, மீதி தட்டில் குவியலாய் விழுந்தது. மனைவி ஒரு துண்டை எடுத்து மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுவே போதும்."

"இதையா? இதை கேக்குன்னு வெளிய சொன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"வெளிய யாரு சொல்லப்போறா? மிளகா?"

"பேக்கரி ஓவன்ல வச்சா நின்னு வேகும். வார லீவு அன்னிக்கு நான் மட்டும் போய்..."

"வேணாங்க. அங்க காத்துலயே மாவு." அவள் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் அவருக்குப் பயம். "நீங்க எவ்வளவு துடைச்சாலும் அங்க மாவு இருக்கும்."

"தரையிலேர்ந்து கூரை வரைக்கும் தண்ணி போட்டுக் கழுவறேன். நம்ம வீட்டு டின், நம்ம வீட்டுப் பாத்திரம். மேசை மேல புதுத் துணி. மூடிக் கொண்டுபோறேன், மூடிக் கொண்டுவரேன். என்னைய நம்பும்மா."

அவள் நம்பினாளோ, களைத்துப்போனாளோ, தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலைப் பிறகு மாஸ்டர் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறந்தநாள் நல்லவேளையாக லீவு நாளிலேயே வந்தது. விடிந்ததும் பேக்கரியைத் திறந்தார். ஆள் இல்லாத பின்கட்டு அவருக்கே புதிதாக இருந்தது. முதல் நாளே மாவு மூட்டைகளை முன்கடைக்கு நகர்த்தியிருந்தார். இப்போது ஓவன் தட்டுகளைக் கழற்றித் தேய்த்தார். சுவரைக் கழுவினார். மின்விசிறி இறக்கைகளைக்கூடத் துடைத்தார். தன் மேசையைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, கால்வரை தொங்குகிற மாதிரி புதுத் துணியை விரித்தார். குளித்துவிட்டு, மனைவி பையில் போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டார்.

பழத்தை மசிக்கும்போது மனசு நிறைந்திருந்தது. ஆப்பிளைத் துருவினார். மாவைக் கலந்தார். வீட்டு டின்னை எடுத்து எண்ணெய் தடவினார். கடைசியாகச் சோடா மாவும் எலுமிச்சையும் சேர்த்ததும் கலவை உயிர் வந்ததுபோல் சிறு சிறு குமிழாய்ப் பொங்கியது. இனி தாமதிக்கக்கூடாது. மிளகு என்று எழுதும்போது மியின் கொக்கியைச் சுழித்து அந்தச் சுழியையே ஒரு பூவாக்கிவிடலாமா என்று டின்னை எடுத்ததிலிருந்து யோசித்துக்கொண்டே கலவையை டின்னில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினார்.

நின்று வெந்தது. நடுவில் குழி இல்லை, ஓரத்தில் கருகல் இல்லை. டின்னோடு துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அக்கா வந்திருந்தாள். அந்தப் பிஸ்கட்டுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். கை கழுவிவிட்டேன், கழுவிவிட்டேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் மனைவி மிளகை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாத்துட்டேன் அண்ணி, உக்காருங்க" என்றாள். அந்த வார்த்தையில் குறையொன்றும் இல்லை; ஆனால் பிள்ளையை மட்டும் நாத்தனார் கையில் கொடுக்கவில்லை.

"டேய் தம்பி, காட்டுடா. ஊருக்கு அரண்மனை கட்டறவன் உம் பொண்ணுக்கு என்ன கட்டியிருக்கேன்னு பாப்போம்."

மாஸ்டர் தட்டை டின்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினார். வாணலிக் கேக்கை நினைத்து மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். டின்னைத் தூக்கினார். கேக் வழுக்கிக்கொண்டு முழுசாக இறங்கி நின்றது.

"அடேங்கப்பா!"

மனைவி சிரித்துவிட்டாள். சத்தமாக, வாய்விட்டு. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. "அன்னிக்கு வாணலியில பல்லக் காட்டிச்சு. இன்னிக்கு பாருங்க!"

அக்கா டின்னை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கைன்னா இதுதான் கை. ஒரு துளி ஒட்டலியே!"

மாஸ்டர் சிரிக்கப் போனவர் நின்றார்.

ஏன் ஒட்டவில்லை? முட்டை இல்லாத, பழம் சேர்ந்த கலவை. பிசினாக ஒட்டும். அன்றைக்கு அவ்வளவு எண்ணெய் தடவியும் ஒட்டியது. இன்றைக்கு ஏன் ஒட்டவில்லை?

கேக்கின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தார். விரலில் வெள்ளையாய் ஒரு பூச்சு வந்தது. அரிசி மாவாக இருக்கலாம். அரிசி மாவுதான் அங்கே இருந்தது. மைதா மூட்டையை எல்லாம் நேற்றே நகர்த்தியாயிற்றே. அரிசி மாவுதான் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். அரிசி மாவு விரலில் நறநறக்கும். இது பட்டு மாதிரி நழுவியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவர் காதில் திரும்பி வந்தது. மேசை விளிம்பில் ரெண்டு தட்டு.

மைதா டப்பா மேசையில் இருப்பதில்லை. மேசைக் காலில், முழங்கால் உயரத்தில் அடித்த ஆணியில் தொங்கும். கண்ணால் பார்த்து அதை எடுத்து வருஷக்கணக்காயிற்று. மேசையைக் கழுவினார், தரையைக் கழுவினார், துணியை விரித்தார். துணிக்குப் பின்னால் அந்த டப்பா அதன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் தடவி முடித்ததும் கை துணியை விலக்கி, எடுத்து, தூவி, தட்டி, திரும்ப மாட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கொக்கிச் சுழியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

மிளகு அம்மாவின் இடுப்பிலிருந்து சாய்ந்து கேக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தள்ளிப் போ!"

அவர் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மனைவி பின்னால் எட்டு வைத்தாள். மிளகு வீறிட்டாள்.

"என்னங்க?"

"மைதா. டின்னுக்கு மைதா தூவிட்டேன்." விரலை விரித்துக் காட்டினார். "வேணும்னு இல்ல. கை... கை போட்டிருச்சு."

அக்கா முதலில் பேசினாள். "ஒரு சிட்டிகை மாவுக்கா இந்தக் கத்து கத்தறே? அடியையும் ஓரத்தையும் கத்தியால சீவிட்டா உள்ள சுத்தமாத்தானே..." சொல்லிக்கொண்டே வந்தவள் தானாகவே நிறுத்திக்கொண்டாள். மூன்று பேரும் அதே பிஸ்கட்டை நினைத்தார்கள்.

மனைவி பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே கேட்டாள். "நிச்சயமா மைதாவா? அரிசி மாவு இல்லையே?"

"மைதாதான்."

"எப்படித் தெரியும்?"

"விரலுக்குத் தெரியும்."

"தூவும்போது அந்த விரலுக்குத் தெரியலையா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். வாணலிக் கேக்கே போதும் என்றும் சொல்லியிருந்தாள். நின்று வேகவேண்டும், மேலே சுழித்து எழுதவேண்டும் என்று கேட்டது மிளகு இல்லை. மாஸ்டர் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வாசலில் ரொட்டி மாஸ்டரின் குரல் கேட்டது. துவைத்த சட்டை, கையில் பலூன்கள். "பாத்துக்க, குளிச்சுட்டு வந்திருக்கேன். எம் பொண்டாட்டியே யாரோ விருந்தாளின்னு நினைச்சிட்டா." உள்ளே யாரும் சிரிக்கவில்லை. நடந்ததை அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். கை தூக்கத்திலும் வேலை பார்க்கிறது என்று கேலி பேசுகிற மனுஷன் இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், "கொடு இப்படி" என்று தட்டு, டின், சுற்றி வந்த துணி எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பலூன்கள் மட்டும் கைப்பிடிக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன.

மேசையை அக்கா துடைத்தாள். சொல்லாமலே இரண்டாவது தடவையும் துடைத்தாள். மாஸ்டர் குளியலறைக்குள் போய்த் தேய்க்க ஆரம்பித்தார்.

அவர் வெளியே வந்தபோது சமையலறையில் சத்தம் கேட்டது. மனைவி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மிளகு தரையில் ஒரு கரண்டியால் இன்னொரு கரண்டியை அடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் நிலைப்படியிலேயே நின்றார்.

"நான் வரலாமா?"

"அங்கயே நில்லுங்க." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாவு எவ்வளவு?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். பழம் எவ்வளவு மசிய வேண்டும், சோடா எப்போது, எலுமிச்சை எப்போது என்று அங்கிருந்தே சொன்னார். அவள் கலக்கிய விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைப் பிடிக்கிற பிடியே தப்பு. கை முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை வெளியே வந்தது. இரண்டு தடவையும் திரும்பப் போனது.

"டின் இல்லையே" என்றாள்.

"மிளகு கிண்ணத்துலயே ஊத்து. ஆவியில வை."

மிளகு தினமும் சாப்பிடுகிற கிண்ணம், ஓரம் நசுங்கியது. அவள் அதில் எண்ணெய் தடவினாள். தடவிவிட்டு நின்று, இப்போதுதான் முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ஊத்து."

வெந்ததும் ஆறவைத்துக் கவிழ்த்தாள். வரவில்லை. தட்டினாள். உலுக்கினாள். கத்தியைச் சுற்றிலும் விட்டு நெம்பியதில் மேல்பாதி ஒரு பக்கம் பிய்ந்து தட்டில் விழுந்தது. அடிப்பாதி கிண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வருவேனா என்றது.

"ஐயோ, ஒட்டிக்கிச்சே" என்றாள் அக்கா.

"ஒட்டட்டும்" என்றார் மாஸ்டர். "நல்லா ஒட்டட்டும்."

தட்டில் விழுந்த பாதியில் மெழுகுவர்த்தி சாய்ந்து சாய்ந்து நின்றது. பீட்ரூட் மசியலை மனைவி கரண்டியால் அப்பினாள். பெயர் எதுவும் எழுதவில்லை. ரொட்டி மாஸ்டர் திரும்பிவந்து, மறுபடியும் கை கழுவி, சுருதியில்லாமல் பாடினார். அக்கா கைதட்டினாள். மனைவி கிண்ணத்தின் அடியைச் சுரண்டி எடுத்த ஒரு சின்னத் துண்டை மிளகின் வாயில் வைத்தாள். ஊசி மேசை மேலேயே இருந்தது.

மிளகு மென்றாள். முகத்தைச் சுளித்தாள், பிறகு வாயைத் திறந்து இன்னும் கேட்டாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். உதட்டில் பீட்ரூட் சிவப்பு மட்டும்தான். மூச்சு எப்போதும்போல் வந்துபோய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து மனைவி அக்காவைப் பார்த்து, "அண்ணி, கொஞ்சம் பிடிங்க, நான் கிண்ணத்த ஊறப்போடறேன்" என்று பிள்ளையை நீட்டினாள். அக்கா இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போனதும் மாஸ்டர் முதல் காரியமாக அந்தத் தகர டப்பாவை ஆணியிலிருந்து எடுத்து, அறையின் அந்தக் கோடியில், நடந்துபோனால்தான் எடுக்கமுடிகிற உயரமான பலகையில் வைத்தார். ஒவ்வொரு டின்னுக்கும் போய் எடுத்து வருவதில் வேலை இழுக்கிறது. முதலாளி ஒரு நாள் கேட்டார். ரொட்டி மாஸ்டர் முந்திக்கொண்டு, "அவருக்கு நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவுங்க" என்றார்.

எண்ணெய் தடவி முடித்ததும் கை இன்னும் மேசைக்குக் கீழே போகிறது. அங்கே வெறும் ஆணி. அது விரலில் படும்போதெல்லாம் மாஸ்டர் ஒரு நிமிஷம் நின்று, டின்னைப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டுக்கொள்கிறார். பிறகுதான் நடக்கிறார்.